எல்லாப் பாகமும் சரி, சூடு மட்டும் பிழை: சாம்பல்தீவு மின்சூளை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில் இருந்து நிலாவெளிக்குப் போகும் வழியில், சாம்பல்தீவில் ஒரு சிறிய மட்பாண்டக் கொட்டில் இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு சக்கரம், ஒரு மின்சூளை. ஒரு அக்காவும் அவருடன் மூன்று பெண்களும் அங்கே சிவப்பு மண்ணில் கோப்பையும் தட்டும் செய்கிறார்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகள்தான் அவர்களுடைய வாடிக்கை. சித்திரைக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்குவார்கள், அதற்கு முன்னர் சாமான் போய்ச் சேர வேண்டும். மாசி நடுப்பகுதியில் அந்த அக்கா எனக்கு அழைப்பு எடுத்தார்.

"தம்பி, சூளை காட்டுறது ஒண்டு, செய்யிறது ஒண்டு. மூண்டு சூளை வீணாப் போச்சுது. ஒருக்கா வந்து பாக்கேலுமோ?"

நான் நகரத்தில் மின் சாதனங்கள் திருத்துகிறவன். தண்ணீர்ப் பம்ப், குளிரறை, பேக்கரிப் போறணை என்று எது வந்தாலும் பார்ப்பேன். மின்போறணைகளில் இதே மாதிரிச் சூட்டைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் கொன்ட்ரோலர்களைப் பல தடவை மாற்றியிருக்கிறேன். ஆனால் போறணை பெரும்பாலும் 250 டிகிரியைத் தாண்டுவதில்லை. 1,000 டிகிரிக்கு மேல் போகும் சூளையில் ஒரு சிறிய பிழை எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை இந்த வேலையில்தான் கண்டேன். அதனால் எனக்கு இதில் நான்கு நாள் போனது. இன்னொருவர் இதை அரை மணி நேரத்தில் பிடிக்கட்டும் என்றுதான் முழுவதையும் எழுதுகிறேன்.

சூளையின் அமைப்பு

மேலே மூடி திறக்கும் வகைச் சூளை. உள்ளே வெப்பச் செங்கல், செங்கல்லில் வெட்டிய பள்ளங்களில் கம்பிச் சுருள்கள், வெளியே தகட்டு உறை. 6 கிலோவாட். 230 வோல்ற்றில் 26 அம்பியர் இழுக்கும். வீட்டுக்கு 30 அம்பியர் இணைப்பு என்பதால் சூளை ஓடும் நேரம் வேறு பெரிய சாமான் எதையும் போட மாட்டார்கள்.

சூளையின் பக்கச் சுவரில் ஒரு துளை. அதற்குள்ளால் பீங்கான் குழாயில் வைத்த, சூட்டை அளக்கும் தேர்மோகப்பிள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் வெப்பவிணை என்று படித்தோமே, அதுதான். குழாயின் வெளி முனையில், தகட்டு உறையிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மூடி போட்ட ஒரு சின்ன இணைப்புத் தலை. அந்தத் தலையில் இருந்து இரண்டு மீற்றர் வயர் சுவரில் உள்ள பெட்டிக்குப் போகிறது. பெட்டிக்குள் கொன்ட்ரோலரும், சுருள்களுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சொலிட் ஸ்டேட் ரிலேயும் இருக்கின்றன.

கார்த்திகை மழையில் கூரை ஒழுகி, இணைப்புத் தலைக்குள் தண்ணீர் போயிருக்கிறது. கடற்கரை ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்தே வரும். இரண்டு மாதத்தில் முனைகள் பச்சை பிடித்து அறுந்துவிட்டன, திரையில் இலக்கம் போய் எச்சரிக்கைக் குறி வந்தது. தை மாதம் ஒரு எலெக்ட்ரீசியன் வந்து தேர்மோகப்பிளையும் அந்த இரண்டு மீற்றர் வயரையும் புதிதாகப் பூட்டிக் கொடுத்தார். திரையில் இலக்கம் வந்தது, சூளை சூடானது, இலக்கம் ஒழுங்காக ஏறியது. எல்லாரும் சரி என்று நினைத்தார்கள்.

அக்காவின் கொப்பி

எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி ஒரு எண்பது பக்கக் கொப்பி. ஒவ்வொரு சூளைக்கும் திகதி, என்ன வைத்தது, எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், அன்று நடந்த சில்லறை விடயங்கள் என்று அக்கா எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். புது வயர் பூட்டிய பிறகு வந்த பக்கங்களில் இப்படி இருந்தது.

முதலில் பூச்சில்லாத பச்சைச் சாமானை 900 டிகிரியில் சுட்டிருக்கிறார்கள். "சாமான் நல்லாத்தான் வந்தது, ஆனா கிளேஸ் தண்ணி உறிஞ்சேல்லை, காய நேரம் எடுக்குது" என்று ஒரு குறிப்பு. கிளேஸ் என்பது சுட்ட சாமானில் பூசும் கண்ணாடிப் பூச்சு, இரண்டாம் சூட்டில் அது உருகிப் படியும். அடுத்தது கிளேஸ் சூடு, வழக்கம்போல 1,040. கிளேஸ் வழிந்து, சாமான் அடுக்கும் சூளைத் தட்டோடு ஒட்டிவிட்டது. மண் செம்மை போய்க் கடும் கபிலமாகிவிட்டது, இரண்டு கோப்பை வளைந்தும் போயின. எலெக்ட்ரீசியனைக் கேட்டபோது "சூடு கூடிப் போச்சு, செற்றிங்கைக் குறைச்சு வையுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். அதனால் அடுத்த தடவை 980. அந்தத் தடவை கிளேஸ் உருகவே இல்லை, பால் படர்ந்த மாதிரி வெள்ளையாக வந்தது. பிறகு நடுவில் 1,000 வைத்துப் பார்த்திருக்கிறார்கள். திரும்பவும் வழிந்து ஒட்டியது.

இந்த இலக்கங்களைப் பாருங்கள். 980இல் வேகாத பச்சை, 1,000இல் கருகல். இருபது டிகிரி வித்தியாசத்தில் ஒரு கிளேஸ் உருகாத நிலையில் இருந்து வழிந்து ஓடும் நிலைக்குப் போகாது. அப்படியென்றால் பிழை ஒவ்வொரு நாளும் ஒரே அளவாக இருக்கவில்லை. இதை அன்றைக்கே நான் பிடித்திருக்க வேண்டும். 980 சூட்டுப் பக்கத்தின் ஓரத்தில் "ஃபேன் போட்டது" என்று சின்னதாக எழுதியிருந்தது. வாசித்தேன், ஆனால் அதில் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மேசையில் எல்லாமே சரி

பெட்டியைத் திறக்கும் முன்னர் மெயின் சுவிச்சை நிறுத்தி, அதன் மேல் ஒரு தாளும் ஒட்டினேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மாதிரிச் சூளைகளில் ரிலே ஒரு வயரை மட்டும்தான் துண்டிக்கும். கொன்ட்ரோலரின் விளக்கு அணைந்திருந்தாலும் சுருளில் மின்சாரம் இருக்கலாம். சொலிட் ஸ்டேட் ரிலே மூடியிருக்கும் போதும் கொஞ்சம் கசியும். சூளைக்குள் கை வைக்கிறதென்றால் மெயினை நிறுத்திவிட்டுத்தான்.

என்னுடைய முதல் சந்தேகம் ரிலே மேல். சொலிட் ஸ்டேட் ரிலே கெட்டால் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே கெடும். கொன்ட்ரோலர் போதும் என்று நிறுத்தினாலும் சூடு ஏறிக்கொண்டே போகும். சூளையைப் போட்டுக் கிளாம்ப் மீற்றரால் பார்த்தேன். விளக்கு எரியும்போது 25.6 அம்பியர், அணைந்தால் பூச்சியம். அன்று வோல்ற்றேஜ் 226, அதற்கு அந்த அம்பியர் கணக்குச் சரி. ரிலேயில் குறை இல்லை.

அடுத்தது கொன்ட்ரோலரின் அமைப்பு. எந்த வகைத் தேர்மோகப்பிள் என்று அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். இங்கே பூட்டியிருந்த கே வகைக்குப் பதில் வேறு எழுத்து தவறுதலாகப் பதிந்திருந்தால் பெரிய வித்தியாசம் வரும். பார்த்தேன், கே என்றுதான் இருந்தது. திருத்தக் கூட்டல் கழித்தல் பூச்சியம். அளவு செல்சியஸ்.

பிறகு கொன்ட்ரோலரையே சோதித்தேன். தேர்மோகப்பிள் வயரைக் கழற்றி, உள்ளீட்டு முனைகள் இரண்டையும் ஒரு துண்டுச் செப்புக் கம்பியால் இணைத்தால் அது தன் முனையின் சூட்டை, அதாவது கிட்டத்தட்ட அறைச் சூட்டைக் காட்ட வேண்டும். 33 காட்டியது. பென்டோர்ச் பற்றரி ஒன்றையும் 1,000 ஓம், 10 ஓம் தடைகள் இரண்டையும் வைத்துச் சின்ன வோல்ற்றேஜ் ஒன்று எடுத்தேன். மல்டிமீற்றரில் 15.6 மில்லிவோல்ற். கே வகை அட்டவணையில் 33 டிகிரிக்கு உரிய 1.33ஐ அதோடு கூட்டினால் 16.9 சொச்சம், அது 413 டிகிரி. திரையிலும் 413. அந்தக் கொன்ட்ரோலரைக் குறை சொல்ல இடமே இல்லை.

மிஞ்சியது தேர்மோகப்பிள். தலையோடும் வயரோடும் சேர்த்து அப்படியே வெளியே எடுத்து, அடுப்பில் கொதிக்கும் தண்ணீருக்குள் முனையை விட்டோம். எங்கள் ஊர் கடல் மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100இல்தான் கொதிக்கும். திரை 99 காட்டியது.

பின்னேரம் ஐந்து மணிக்கு பிளேன்டீயோடு இருந்து யோசித்தேன். ரிலே சரி, கொன்ட்ரோலர் சரி, தேர்மோகப்பிள் சரி. வழிந்து தட்டில் ஒட்டிய கோப்பை மேசையில் இருக்கிறது.

சூளை சூடாகும்போது

மறுநாள் என்னுடைய இன்னொரு கே வகைத் தேர்மோகப்பிளையும் கையில் பிடிக்கும் மீற்றரையும் கொண்டுபோனேன். பார்வைத் துளையால் அதை உள்ளே விட்டு, அதன் முனை சூளையின் முனைக்குப் பக்கத்தில் நிற்கும்படி வைத்தேன். வெறும் சூளை. மெதுவாக ஏற்றிக்கொண்டு இரண்டு இலக்கங்களையும் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதினோம்.

சூளைத் திரை 200 காட்டியபோது என்னுடையது 206. இது ஒன்றும் பெரிதில்லை. திரை 500 என்றபோது 528. 800இல் 855. 900இல் 978.

ஆரம்பத்தில் வித்தியாசம் இல்லை, போகப் போக வளர்கிறது. தேர்மோகப்பிள் பழசானால் இப்படிக் குறைத்துக் காட்டும். ஆனால் இது பூட்டி ஒரு மாதம்கூடச் சரியாக ஓடாத சாமான். இரண்டு மீற்றர் இரண்டு கதை சொன்னால் எதை நம்புவது என்றும் கேட்கலாம். கபிலமான கோப்பைகள் என் மீற்றரின் பக்கம்தான் சாட்சி சொல்லின. கிளேஸ் தண்ணீர் உறிஞ்சவில்லை என்ற குறிப்புக்கும் இப்போது அர்த்தம் கிடைத்தது. 900 என்று நினைத்துச் சுட்ட பச்சைச் சாமான் 980 வரை போயிருக்கிறது. மண் அளவுக்கு மேல் இறுகி, துளைகள் அடைபட்டு, கிளேஸைக் குடிக்கவில்லை. அக்கா முதலில் கண்டது அதைத்தான். மண்ணைக் கையால் அறிந்த ஒருவர் எழுதிய அந்த ஒரு வரி, நான் ஒரு நாள் முழுக்கப் பார்த்த மீற்றர்களுக்கு முன்னாலேயே பிழையைச் சொல்லியிருந்தது.

கொன்ட்ரோலரை 900இல் நிறுத்தி வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தோம். சூடு தாங்காமல் ஒரு தங்கச்சி மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஃபேனைப் போட்டார். காற்று நேரே சூளையின் பக்கவாட்டில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் திரை 900இல் இருந்து 905, பிறகு 912 என்று ஏறியது. கொன்ட்ரோலரின் விளக்கு அணைந்தது. என்னுடைய மீற்றரில் 978 இறங்கத் தொடங்கியிருந்தது.

காற்று அடித்தால் சூளை சூடாகிறதாம். உள்ளே குளிர்கிறது, திரை மட்டும் ஏறுகிறது. அந்த நிமிடத்தில்தான் கொப்பியின் ஓரத்தில் இருந்த "ஃபேன் போட்டது" ஞாபகம் வந்தது. ஃபேன் காற்று எட்டும் இடத்தில் அளவோடு தொடர்புள்ள பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சூளைச் சுவரை ஒட்டி நிற்கும் அந்த இணைப்புத் தலை.

மைனஸ் 21

சூளை ஆற ஒரு நாளுக்கு மேல் வேண்டும். முழுக்க ஆறிய பிறகு போனேன். உள்ளே 31, அறையில் 31, திரையில் 31. அக்காவின் மகளிடம் ஹெயார் டிரையர் வாங்கி, சூளையைப் போடாமல், இணைப்புத் தலைக்கு மட்டும் சூடு பிடித்தேன். என் மீற்றரின் முனையைத் தலையின் திருகாணியோடு தொட்டு வைத்திருந்தேன்.

தலை 40 ஆனது, திரை 13க்கு இறங்கியது. தலை 50 ஆனது, திரை பூச்சியத்துக்குக் கீழே போனது. தலை 57இல் நின்றபோது திரையில் மைனஸ் 21. திருகோணமலையில், மத்தியான வெயிலில், ஒரு சூளைக்குள்.

எல்லாரும் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்கு அந்த இலக்கத்தைவிட அதன் அளவுதான் முக்கியமாக இருந்தது. தலை 31இல் இருந்து 57க்கு ஏறியது 26 டிகிரி. திரை 31இல் இருந்து மைனஸ் 21க்கு இறங்கியது 52 டிகிரி. சரியாக இரண்டு மடங்கு.

இந்த இரண்டு மடங்கு ஏன் முக்கியம் என்று சொல்ல, தேர்மோகப்பிள் எப்படி அளக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1821இல் சீபெக் என்ற விஞ்ஞானி கண்டது இது: இரண்டு வேறு உலோகங்களை ஒரு முனையில் சேர்த்து அந்த முனையைச் சூடாக்கினால் மறு முனையில் சிறு வோல்ற்றேஜ் பிறக்கும். கே வகையில் ஒரு கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்தது, மற்றது நிக்கலில் கொஞ்சம் அலுமினியம் முதலியவை சேர்ந்தது. ஒரு டிகிரிக்கு 0.04 மில்லிவோல்ற் அளவில் கிடைக்கும். 1,000 டிகிரியில்கூட 41.28 மில்லிவோல்ற்தான், அதுவும் மறு முனை பூச்சியத்தில் இருந்தால். தேர்மோகப்பிள் சூட்டைச் சொல்வதில்லை, இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் சொல்லும். மறு முனையின் சூட்டைக் கொன்ட்ரோலர் தானே அளந்து கூட்டிக்கொள்ளும்.

இணைப்புத் தலைக்கும் பெட்டிக்கும் இடையில் ஓடுவது வெறும் வயர் இல்லை. அதே உலோகங்களால் செய்த நீட்டு வயர் அது. அதுவும் அளக்கிற வேலை செய்கிறது. உள்ளே 1,000, தலை 70, பெட்டி 33 என்று வையுங்கள். தேர்மோகப்பிள் தன் இரண்டு முனைகளின் வித்தியாசமான 930ஐத் தரும். நீட்டு வயர் தலைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள 37ஐக் கூட்டும், மொத்தம் 967. கொன்ட்ரோலர் தன் 33ஐக் கூட்டும். 1,000.

நீட்டு வயருக்குப் பதில் சாதாரணச் செப்பு வயர் போட்டால் அந்த 37 சேராது, 963 காட்டும். ஹெயார் டிரையர் சோதனையில் தலை ஏறிய அளவுக்குத் திரை இறங்கியிருக்கும்: 26 ஏறினால் 26 இறங்கும். எங்களுக்கு இறங்கியது 52. அப்படியென்றால் நீட்டு வயர் சேராமல் விடவில்லை, எதிர்ப் பக்கம் வேலை செய்கிறது. 37ஐக் கூட்டுவதற்குப் பதில் கழிக்கிறது. 930இல் 37 போய் 893, அதோடு 33 சேர்த்து 926. உள்ளே 1,000, திரையில் 926. கிளேஸ் சூட்டில் தலை இன்னும் சூடாகும் என்பதால் பிழை 90 டிகிரியை எட்டியிருக்கும்.

சிவப்பு வயர்

தலையின் மூடியைத் திறந்தேன். புது வயர் மஞ்சள் உறை போட்டது, உள்ளே ஒன்று மஞ்சள், மற்றது சிவப்பு. சிவப்பு வயர் கூட்டல் முனையில் இருந்தது. பெட்டியிலும் சிவப்புக் கூட்டல் முனையில்தான்.

சிவப்பு என்றால் கூட்டல் என்று எங்களில் யார்தான் நினைக்க மாட்டோம்? பற்றரியில் சிவப்புக் கூட்டல், மீற்றரில் சிவப்புக் கூட்டல், பழைய வீட்டு வயரிங்கில் சிவப்புத்தான் லைவ். ஆனால் அமெரிக்க முறையில் தேர்மோகப்பிள் வயரில் சிவப்பு எப்போதும் கழித்தல். கே வகைக்கு மஞ்சள்தான் கூட்டல். சர்வதேச முறையில் பச்சை கூட்டல், வெள்ளை கழித்தல். பழைய பிரித்தானிய முறையில் கபிலம் கூட்டல், நீலம் கழித்தல். சீன வயரில் சிவப்புக் கூட்டல், கறுப்புக் கழித்தல். பழைய ஜெர்மன் முறையில் சிவப்புக் கூட்டல், பச்சை கழித்தல், அதாவது சர்வதேச முறையின் பச்சைக்கு நேர் எதிர். எங்கள் கடைகளுக்கு எல்லா நாட்டு வயரும் வருகிறது. நிறத்தை நம்பி ஒருவர் பூட்டினால் பிழைப்பது அவருடைய கெட்டித்தனக் குறைவால் அல்ல.

அந்த எலெக்ட்ரீசியன் நேர்த்தியான வேலைக்காரர். முனைகளைத் திருகியிருந்த விதத்திலேயே அது தெரிந்தது. அவர் ஒரு பக்கம் மட்டும் மாற்றிப் பூட்டியிருந்தால் சூளை சூடாகச் சூடாக இலக்கம் இறங்கியிருக்கும், முதல் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். ஒழுங்காக இரண்டு பக்கமும் சிவப்பைக் கூட்டலில் வைத்ததால் ஒரு மாற்றம் இன்னொரு மாற்றத்தை மறைத்துவிட்டது. அதனால்தான் கொதிதண்ணீர்ச் சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. அன்று தலை என் கையில் இருந்தது. தலைக்கும் பெட்டிக்கும் சூடு ஒன்று, வித்தியாசம் பூச்சியம், பூச்சியத்தைக் கூட்டினாலும் கழித்தாலும் ஒன்றுதான். சூளைச் சுவரில் அது நிற்கும்போது, அதுவும் சுவர் சூடாகும்போதுதான் இந்தப் பிழை பிறக்கிறது.

நிறத்தை விட்டுவிட்டு எது எந்தக் கம்பி என்று பார்க்க ஒரு காந்தம் போதும். கே வகையில் கழித்தல் கம்பியைக் காந்தம் இழுக்கும், கூட்டல் கம்பியை இழுக்காது. பழைய ஒலிபெருக்கி ஒன்றின் காந்தத்தைச் சிவப்பு வயரின் வெறும் முனைக்குக் கிட்டக் கொண்டுபோனேன். வந்து ஒட்டியது. மஞ்சள் அசையவில்லை. தேர்மோகப்பிளின் இரண்டு கம்பிகளையும் அப்படியே பார்த்தேன், அதில் குறி போட்டிருந்த கூட்டல் முனை சரி. ஒரு எச்சரிக்கை: நீட்டு வயருக்கு ஈடாக வரும் சில மலிவான வயர்கள் செப்பும் கொன்ஸ்ரன்ரன் என்ற செப்பு-நிக்கல் கலவையும் கொண்டவை, அவற்றில் இரண்டு கம்பியையும் காந்தம் இழுக்காது. அப்போது செப்பு நிறக் கம்பிதான் கூட்டல்.

மெயினை நிறுத்தி, தலையிலும் பெட்டியிலும் இரண்டு வயர்களையும் இடம் மாற்றினேன். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் இலக்கம் தலைகீழாக ஓடும். பழைய பச்சையின் மிச்சத்தைச் சுரண்டி, திருகாணிகளை இறுக்கி, மழை படாமல் தலைக்கு மேல் ஒரு தகட்டு மறைப்பும் போட்டேன். மறுபடி ஹெயார் டிரையர். தலை 57க்குப் போனது. திரை 31இல் நின்றது, ஒரு தடவை 32 காட்டியது, திரும்ப 31.

கொன்ட்ரோலரில் திருத்தம் போட்டுச் சமாளிக்கலாமே என்று அக்காவின் தம்பி ஒருவர் கேட்டார். 90 டிகிரி கூட்டிவிட்டால் போதும்தானே என்பது அவருடைய எண்ணம். இந்தப் பிழை ஒரு நிலையான இலக்கம் என்றால் செய்யலாம். இது 200இல் 6, 900இல் 78, ஃபேன் போட்டால் வேறு, மழை நாளில் வேறு. மெதுவாக ஏற்றினால் சுவர் கூடச் சூடாகி அதற்கும் வேறு. திருத்தம் போட்டிருந்தால் ஒரு நாள் சரியாகவும் மறுநாள் பிழையாகவும் வந்து, எல்லாரும் மண்ணையும் கிளேஸையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள்.

கூம்பு சொன்னது

கொட்டிலில் ஒரு பெட்டி நிறைய ஓர்டன் கூம்புகள் தூசி பிடித்துக் கிடந்தன. டிஜிட்டல் இலக்கம் வந்த பிறகு கூம்பு வைப்பதை விட்டுவிட்டோம் என்றார் அக்கா. எனக்கு அது மனவருத்தமாக இருந்தது. ஒரு கூம்பு அந்தச் சூளைக்குள் இருந்திருந்தால் முதல் சூட்டிலேயே உண்மை தெரிந்திருக்கும். 1886இல் பெர்லினில் ஹெர்மன் சேகர் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் செய்து காட்டிய யோசனை அது: குறித்த அளவு வெப்ப வேலை நடந்தால் வளையும்படி மண்ணும் உருக்கியும் கலந்து செய்த சின்னக் கூம்பு. அதற்கு வயரும் இல்லை, முனையும் இல்லை, மாறிப் பூட்டவும் முடியாது. சாமான் பட்ட சூட்டையே அதுவும் பட்டு வளைகிறது.

அடுத்த பச்சைச் சூட்டில் கூம்பு வைக்கவில்லை, என் மீற்றரை மட்டும் போட்டோம். திரை 900, என்னுடையது 903. சாமான் ஆறியதும் அக்கா ஒரு கோப்பையை எடுத்து நாக்கு நுனியை அதில் வைத்துப் பார்த்தார். மண் நாக்கைப் பிடித்தது. "இப்பத்தான் தம்பி சரி" என்றார்.

கிளேஸ் சூட்டுக்கு 05, 04, 03 மூன்று கூம்பையும் வரிசையாக மண் துண்டில் நட்டு, பார்வைத் துளைக்கு நேரே வைத்தோம். மணிக்கு 60 டிகிரி வீதம் ஏற்றினால் 05 கிட்டத்தட்ட 1,031இலும், 04 1,063இலும், 03 1,086இலும் வளையும். கடைசி 100 டிகிரியை அந்த வேகத்திலேயே ஏற்றி, 1,040இல் பத்து நிமிடம் நிறுத்தினோம். ஃபேனையும் வேண்டுமென்றே போட்டுப் பார்த்தோம். திரை அசையவில்லை. என்னுடைய மீற்றர் 1,044.

மறுநாள் மூடியைத் திறந்தபோது 05 முழுக்க வளைந்து நுனி மண்ணைத் தொட்டிருந்தது. 04 சாயத் தொடங்கியிருந்தது. 03 நிமிர்ந்து நின்றது. கோப்பைகள் தட்டில் ஒட்டவில்லை, மண் பழைய செம்மையில் இருந்தது. அந்த நாலு டிகிரி வித்தியாசம் இரண்டு தேர்மோகப்பிள்களுக்கு இடையில் இருக்கக்கூடியதுதான், அதைத் துரத்தவில்லை. 1,000க்கு மேல் அடிக்கடி போகும் கே வகைத் தேர்மோகப்பிள் காலப்போக்கில் மெல்ல மெல்ல விலகும். அதனால் ஒவ்வொரு கிளேஸ் சூட்டுக்கும் ஒரு 05ஆவது வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கொப்பியில் அதற்கு ஒரு புது நிரல் கோடு போட்டுவிட்டார் அக்கா. ரிலே ஒட்டிக்கொண்டால் மெயினையே துண்டிக்கும் தனிப் பாதுகாப்பு ஒன்று பூட்ட வேண்டிய வேலை இன்னும் மிச்சம். சாமான் காசு வந்ததும் செய்வோம் என்றிருக்கிறோம்.

எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் காந்தத்தைக் கையில் கொடுத்தேன். சிவப்பு வயர் ஒட்டுவதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அண்ணை, இந்தச் சுருளில மிச்சம் இருந்த வயரைத்தான் ஒரு பேக்கரிக்குப் பூட்டினனான்" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போனோம். மின்போறணை. பேக்கரிக்காரர் எங்களைக் கூப்பிடவில்லை, அவருக்கு முறைப்பாடும் இல்லை. "இந்தப் போறணை 170இல வைச்சாத்தான் 220 மாதிரி வேகும்" என்று பழகியிருந்தார். காலையில் முதல் தட்டுப் பாண் வெள்ளையாக வருவதாகவும், பத்து மணிக்குப் பிறகு அடி கருகுவதாகவும் சொன்னார். காலையில் போறணையின் சுவர் ஆறியிருக்கும், பத்து மணிக்கு நன்றாகச் சூடாகியிருக்கும். எலெக்ட்ரீசியன் தானே தலையைக் கழற்றி, காந்தத்தை வைத்துப் பார்த்து, இரண்டு முனையையும் மாற்றினார். 220இல் வைத்து ஒரு தட்டுப் பாண் போட்டோம். பேக்கரிக்காரர் போறணைக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார், இரண்டு தடவை கையை 170க்குத் திருப்பப் பார்த்தார். பாண் பொன்னிறமாக வந்தது.